வாயில் என்ன கொழுக்கட்டையா?

போன மாதம் எங்கள் மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. பேச வரும்படி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் அங்கே டாக்டர் இல்லை, ஆலோசகரும் இல்லை. ஒரு அறக்கட்டளை நடத்தும் குழந்தைகள் மனநல மையம் அது. அதில் உதவியாளராக இருந்தேன். முட்டி தேய்ந்து தினமும் மாடி ஏற முடியாமல் போனதால் போன வருஷம் வேலையை விட்டேன். "ஆரம்பத்துலேர்ந்து இருந்தவங்க, உங்க அனுபவத்தச் சொல்லுங்கம்மா" என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு எதிரே இருந்த முகங்களைப் பார்த்தேன். "வணக்கம்" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பாவம், கை தட்டினார்கள்.

அது எனக்குப் புதிதில்லை. எனக்குக் கோபம் வந்தது அதற்காகவும் இல்லை.

எனக்குப் பிறகு ஒரு பயிற்சி மாணவி எழுந்து, திரையில் படம் போட்டுக் காட்டிப் பேசினாள். வீட்டில் வாய் ஓயாமல் பேசி, பள்ளியிலும் வெளி ஆட்கள் எதிரிலும் ஒரு வார்த்தைகூடப் பேசாத குழந்தைகளைப் பற்றிய பாடம். அது பிடிவாதம் அல்ல, பயம் என்று இப்போதைய ஆராய்ச்சிகள் சொல்வதை அழகாகவே சொன்னாள். வற்புறுத்தக் கூடாது, கேலி செய்யக் கூடாது என்றாள். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு டீ கொடுத்தார்கள். வெளியே பெஞ்சில் ஒரு அம்மாவும் ஐந்து வயதுப் பெண் குழந்தையும் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாணவி டீ கிளாஸோடு வந்து குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"உன் பேரு இன்னா பாப்பா? சொல்ல மாட்டியா? அக்காகிட்ட சொல்ல மாட்டியா? வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

குழந்தை அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மாணவி சிரித்தாள். அந்த அம்மாவும் சிரித்தார், சிரிக்காவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று.

சற்று முன் திரையில் எழுதிக் காட்டியது அத்தனையும் எங்கே போனது? பேசத் தெரிந்தவர்கள் ஆராய்ச்சியைப் படிக்கிறார்கள், பாடம் எடுக்கிறார்கள். ஒரு குழந்தை முன்னால் குனிந்ததும் ஊர் கேட்கும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. மைக்கில் வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் வசந்தா. பன்னிரண்டாவது முடித்ததும் காஞ்சிபுரம் காந்தி ரோடு பக்கம் ஒரு பட்டுக் கடையில் வேலைக்குப் போனேன். புடவையை எடுத்துப் போடுவேன், விரிப்பேன், மடிப்பேன். "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா" என்று சொல்ல மட்டும் வராது. "புடவ பேசுமா, நீதான் பேசணும்" என்று முதலாளி சொல்லிச் சொல்லிப் பார்த்தார், கடைசியில் நிறுத்திவிட்டார். கல்யாணம், குழந்தை, அதற்குப் பிறகு சின்னச் சின்ன வேலைகள். இந்த மையத்தில் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே இருந்த டாக்டர் என்னிடம் சில கேள்விகள் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பாதி பதில்தான் சொன்னேன். மீதியை அவர் காத்திருந்து வாங்கினார். கிளம்பும்போது, "பெருக்குறதுக்கு வேற ஆள் பாத்துக்குறேன். நீங்க என்கூட ரூம்ல இருங்க. எனக்குப் பேச்சுக் கம்மியா இருக்கிற ஆள்தான் வேணும்" என்றார்.

பேசாததற்காக எனக்குக் கிடைத்த ஒரே வேலை அது.

டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியவர்களிடம் அவருக்குப் பொறுமையே கிடையாது. மாத்திரைக் கம்பெனிக்காரர்களைப் படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவார். ஒரு குழந்தை உள்ளே வந்தால் ஆளே மாறிவிடுவார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்காருவார். குழந்தையை நேராகப் பார்க்க மாட்டார், பெயர் கேட்க மாட்டார். பக்கத்துத் தறிக்காரர்களிடம் வாங்கிவைத்த பட்டு நூல் துண்டுகள் ஒரு கூடை நிறையக் கிடக்கும். அதை எடுத்து நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டு, "இது மாம்பழக் கலர். இது அதவிடக் கொஞ்சம் மங்கல்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பார். அம்மா குறுக்கே வந்து, "டாக்டர் மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்றால் ஒரு விரலைத் தூக்குவார். அவ்வளவுதான். அம்மாக்கள் கப்பென்று வாயை மூடிக்கொள்வார்கள்.

மத்தியானங்களில் கூட்டம் இல்லாதபோது, புதிதாக வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிப்பார். படித்ததை எனக்குப் புரியும் தமிழில் சொல்வார். இந்தப் பேசாத நிலைக்கு ரொம்ப நாள் முன்பு வைத்திருந்த பெயரே தப்பு என்பார். "குழந்தை தானா முடிவெடுத்து வாய மூடிக்குதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேர் வச்சாங்க. பெரிய படிப்புப் படிச்சவங்க வச்ச பேர்தான். அப்புறம் மாத்துனாங்க. இப்ப இதப் பயம், பதற்றம் சம்பந்தப்பட்ட நோய்ங்களோட சேத்துட்டாங்க. வீட்ல ஏதோ கொடுமை நடந்திருக்கும், அம்மா வளத்த விதம் சரியில்லன்னு முன்னாடி சொல்வாங்க. முக்கால்வாசிப் பிள்ளைங்க விஷயத்துல அதுவும் இல்லன்னு ஆயிடுச்சு. ஆனா பாருங்க, பேர் மாறுன சேதி இன்னும் ஊருக்குள்ள வரல."

அந்தச் சேதி எவ்வளவு வரவில்லை என்பதைச் சுநந்தா வந்தபோது பார்த்தேன். அவள் உண்மைப் பெயர் வேறு.

மாகறலுக்குப் பக்கத்து ஊர். சமணக் குடும்பம். அப்பா தரணேந்திரன் விவசாயம் செய்துகொண்டே அரிசி வியாபாரமும் பார்த்தார். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்தாள் அந்தப் பெண். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் குரலை அங்கே யாரும் கேட்டதில்லை. அம்மா கமலா முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் அழுதார்.

"ஊட்ல இவ வாய மூட முடியாது டாக்டரே. தம்பிய அதட்டுவா, நாயி கோழி எல்லாத்துக்கும் பேர் வச்சுக் கூப்புடுவா. ஸ்கூல் கேட்டத் தாண்டுனா கல்லாட்டம் நின்னுக்குது. பாத்ரூம் போணும்னாக்கூட கேக்காது. 'கேட்டாதான் உடுவேன்'னு சொல்றாங்களாம். எத்தினி வாட்டி பாவாடையோட நனஞ்சிக்கினு வந்துக்குது தெரியுங்களா?"

ஏழு வயதுக் குழந்தை. அடிவயிறு முட்டுகிறது. எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொன்னால் அனுப்புவார்களாம். அந்த வாக்கியம்தான் அவளுக்கு வராது என்று பள்ளிக்கே தெரியும். தெரிந்தே ஒரு பயிற்சியைப் போல அதைச் செய்திருக்கிறார்கள். நனைந்த பிறகு மற்றப் பிள்ளைகள் சிரித்ததையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

அந்தப் பள்ளியின் பிரின்ஸிபால் காரணத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். கமலா வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பார்கள். சாப்பிடும்போது யாரும் பேச மாட்டார்கள். அது அவர்கள் பழக்கம். பேச்சுவாக்கில் கமலா அதைச் சொல்லப்போக, பிரின்ஸிபால் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் ஊமையா இருக்கப் பழக்கி வச்சிருக்கீங்க" என்றாராம். வருஷக் கடைசிக்குள் பேசாவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து கமலா சோற்றைப் போட்டுவிட்டு, "பேசு, எதுனா பேசு" என்று மகளை நச்சரிக்க ஆரம்பித்திருந்தார். பரம்பரையாக வந்த பழக்கத்தை விட்டுவிட்டோமே என்று வீட்டில் ஒரு பக்கம் சண்டை வேறு.

டாக்டர் நூலைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "சாப்புடுறப்ப யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டீங்களா?"

"மாட்டோம்ங்க."

"ரொம்ப நல்ல பழக்கம்மா. விட்றாதீங்க. நாள் பூராவும் பேசு பேசுன்னு அந்தப் பொண்ண எல்லாரும் துரத்துறாங்க. தட்டு முன்னாடி உக்காரும்போதாவது யாரும் துரத்தாம இருக்கட்டும்."

கமலா நிமிர்ந்து பார்த்தார். தப்பு உங்களுடையது இல்லை என்று அவரிடம் முதன்முதலில் சொன்ன ஆள் டாக்டர்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு வேலை ஆரம்பித்தது. புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அறையில் அம்மாவும் பெண்ணும் மட்டும். கதவு சாத்தியிருக்கும். இருவரும் விளையாடுவார்கள். அவள் கீச்சுக்கீச்சென்று பேசுவது வெளியே எனக்குக் கேட்கும். என் வேலை கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி உட்காருவது. அது பழகிய பிறகு கதவை ஒரு விரற்கடை திறந்து வைப்போம். பேச்சு நின்றுவிடும். திரும்ப வரும்வரை காத்திருப்பேன். வந்த பிறகு இன்னும் கொஞ்சம் திறப்போம். அதன் பிறகு வாசலில் உட்காருவேன், அப்புறம் அறை மூலையில், சுவரைப் பார்த்து. கையில் நூல் கூடை. திரும்பக் கூடாது. இருமல் வந்தால் அடக்கக் கூடாது, சாதாரணமாக இருமிவிட வேண்டும். அடக்கினால் நாம் அவளைக் கவனிக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அம்மாவுக்கும் டாக்டர் பாடம் வைத்திருந்தார். கமலாவுக்கு மகளுக்காகத் தானே பதில் சொல்லிவிடும் பழக்கம். "அவளுக்கு லட்டு புடிக்காதுங்க, மிக்சர் குடுங்க" என்பார். அதை நிறுத்தச் சொன்னார். துரத்துவது எவ்வளவு தப்போ, பேச வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிடுவதும் அவ்வளவு தப்பு என்றார். "ஆமாவா இல்லயான்னு கேக்காதீங்க. தலைய ஆட்டிட்டு முடிச்சிடும். செவப்பா, பச்சையான்னு கேளுங்க. கேட்டுட்டு வாய மூடிக்கினு இருங்க. பதில் வந்தா 'ஆமா, செவப்பு'ன்னு சொல்லிட்டு வேலயப் பாருங்க. கட்டிப் புடிக்கிறது, கை தட்டுறது ஒண்ணும் வேணாம்."

எங்கள் மையம் இருக்கும் தெருவில் பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் தறி ஓடும். அந்தச் சத்தத்தை நாங்கள் கவனிப்பதே இல்லை. ஒரு நாள் சுநந்தா என் எதிரில், அம்மா காதில் குசுகுசுவென்று பேசினாள். அடுத்த தடவை வந்தபோது ஒரு சத்தமும் இல்லை. அதற்கடுத்த தடவை மறுபடி பேசினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். "வசந்தாம்மா, போன தடவ அமாவாசைங்க" என்றார்.

அமாவாசை அன்று நெசவாளர்கள் தறிக்கு லீவு விடுவார்கள். தெரு அடங்கிக் கிடக்கும். தறிச் சத்தம் அவளுக்குத் திரை மாதிரி இருந்திருக்கிறது. அதன் பின்னால் நின்றுகொண்டு பேசியிருக்கிறாள். அது இல்லாத நாளில் தன் குரல் தனக்கே பெரிதாகக் கேட்டிருக்கிறது. அதிலிருந்து எங்களுக்கு அமாவாசைதான் பரீட்சை நாள். சில அமாவாசைகள் சும்மா போயின. பிறகு ஒன்றில், தெரு முழுக்க நிசப்தமாக இருக்கும்போது, நான் ஊதா நூலை நீலத்தோடு சேர்த்துவிட்டேன். நிஜமாகவே எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "அது இல்ல" என்றது.

"ஆமா, இது இல்ல" என்று எடுத்து மாற்றி வைத்தேன். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. நூலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதே படிகளைப் பிறகு பள்ளியில் ஏறினோம். சனிக்கிழமை காலி வகுப்பறை. முதலில் அம்மாவும் பெண்ணும். பிறகு வாசலில் வகுப்பு ஆசிரியை ரேகா. சின்ன வயது. நாங்கள் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டார். எழுந்து கேட்காமலே பாத்ரூம் போய்வர ஒரு அட்டை கொடுத்தார். சுவர் ஓரத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டே பல சனிக்கிழமைகள் காத்திருந்தார். ஒருநாள் சுநந்தா அவரிடம், பெஞ்சின் கால் ஆடுகிறது என்று சொன்னாள். ரேகா ஆடும் காலுக்கு அட்டை மடித்து வைத்தார். எங்களுக்கு போன் பண்ணிச் சொன்னார். சந்தோஷம் தாங்காமல் பிரின்ஸிபாலிடமும் சொல்லிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை அசெம்பிளியில் பிரின்ஸிபால் சுநந்தாவை மேடைக்குக் கூப்பிட்டார். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை, ரேகாவுக்கும் தெரியாது. வட்டாரப் பிரமுகர் ஒருவர் விருந்தாளியாக வந்திருந்தார். "இவ்வளவு நாள் பேசாத குழந்தை இன்று நம் பள்ளியின் முயற்சியால் பேசப் போகிறாள்" என்று அறிவித்து, மைக்கை அவள் வாயருகே பிடித்தார். பள்ளியே கைதட்டியது. ஒரு ஆசிரியர் போனில் வீடியோப் படம் எடுத்தார். குழந்தை நின்றது, அப்படியே நின்றது. "சொல்லு, பேரு மட்டும் சொல்லு, எல்லாரும் வெயிட் பண்றாங்க பாரு" என்று பிரின்ஸிபால் மைக்கிலேயே சொன்னார். கடைசியில் அவள் காலடியில் ஈரம் பரவியது. அதுவும் அந்தப் படத்தில் இருக்கிறது. அதைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அன்று சாயங்காலத்திலிருந்து சுநந்தா வீட்டிலும் பேசவில்லை. தம்பியிடம் பேசவில்லை, அப்பாவிடம் பேசவில்லை. கோழியைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தரணேந்திரன் எங்கள் வாசலில் வந்து நின்றார். அதுவரை அதிகம் பேசாத மனிதர். "டி.சி. வாங்கிடறேன் டாக்டரே. படிப்பே வேணாம். எம் பொண்ணு என்னை 'நைனா'ன்னு கூப்புட்டா போதும்" என்றார்.

டாக்டர் கேட்டார், "அவளக் கேட்டீங்களா?" வீட்டில் கேட்டதற்குச் சுநந்தா அம்மாவின் கையில் விரலால் எழுதிக் காட்டினாளாம். ரேகா மிஸ் வேணும் என்று. பள்ளியை விட்டுப் போக அவளுக்கே விருப்பமில்லை. "அப்ப அவ போக மாட்டா. நான் போறேன்" என்று டாக்டர் செருப்பை மாட்டினார். "வசந்தாம்மா, வாங்க."

பிரின்ஸிபால் அறையில் ஏ.சி. ஓடியது. கண்ணாடி போட்ட மேசை. அவர் எங்களை மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்.

"நாங்க நல்லதுக்குத்தான் சார் பண்ணோம். ஒரு என்கரேஜ்மென்ட். கிளாஸ் மிஸ்கிட்டப் பேசுற பொண்ணு ஸ்டேஜ்ல ஏன் பேசாது? இஷ்டப்பட்டா பேசுது, இல்லன்னா வாய மூடிக்குது. இதுக்குப் பேரு இன்னா சார்? திமிருதான?"

"இல்ல மேடம்."

"நீங்க புக்குல படிச்சத சொல்றீங்க. நான் ஆயிரம் பசங்களப் பாத்தவ." சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. உங்க பேரு இன்னா? ஒரு கொழந்த நாலு பேர் முன்னாடி தன் பேரச் சொல்றதுல இன்னா தப்பு? நாங்க பண்ணது தப்பா?"

எனக்கு வாய் வரவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஏதோ சாமி படம். அதையே பார்த்தேன். என் பெயர்கூட வரவில்லை. டாக்டர் எனக்காகப் பதில் சொல்லவில்லை. ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

"தைரியமா சொல்லுங்கம்மா" என்றார் பிரின்ஸிபால்.

ஒன்றும் வரவில்லை.

அப்புறம்தான் டாக்டர் பேசினார். "மேடம், இவங்களுக்குப் பேத்தி பொறந்தாச்சு. எங்க ரூம்ல நல்லாப் பேசுவாங்க, என்னையே கிண்டல் பண்ணுவாங்க. அவங்க பேர் அவங்களுக்குத் தெரியும். உங்க முன்னாடி வரல. இது திமிரா?"

பிரின்ஸிபால் தடுமாறினார். "அது... பெரியவங்க. கூச்சமா இருக்கும்."

"பெரியவங்களுக்கு வந்தா கூச்சம். ஏழு வயசுக்கு வந்தா திமிரு. அப்படித்தான மேடம்?"

அந்த அம்மா வாயிலும் அப்போது ஒன்றும் வரவில்லை. அதை மட்டும் நான் நிமிர்ந்து பார்த்தேன். கடைசியில் படத்தைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்வதாகவும், டி.சி. பேச்சை எடுப்பதில்லை என்றும், சனிக்கிழமை அறையைத் திரும்பத் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் டாக்டர் திருப்தியாக நடந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பஸ் ஸ்டாண்டு வரை பொறுத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். "என்னைப் பொருட்காட்சியில வச்ச மாதிரி ஆக்கிட்டீங்க டாக்டர். அந்தம்மா சுநந்தாவ மேடையில நிக்க வச்சாங்க. நீங்க என்னை நாற்காலியில உக்கார வச்சீங்க. இன்னா வித்தியாசம்?"

அவர் நின்றுவிட்டார். "ஒரு வித்தியாசமும் இல்ல. உங்க கூச்சமும் அவ பயமும் ஒண்ணில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பண்ணேன். அந்தம்மாவ ஜெயிக்கணும்னு பண்ணேன். தப்பு. மன்னிச்சுக்கங்க."

அவர்மேல் எனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு. அன்றைக்கு அது கூடியது. ஆனால் கோபமும் போகவில்லை. இரண்டையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். நல்லதுக்குத்தான் பண்ணேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லார் முன்னாலும் நிற்பது நாம்தானே?

எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை எங்கள் அறையில் அல்ல, அவர்கள் வீட்டில், அப்பாவிலிருந்து. தரணேந்திரன் தன் சொந்த வீட்டு வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு மகளின் குரலுக்காகக் காத்திருந்தார். வெகு நாள் காத்திருந்தார். "நைனா, அது கல்லு இல்ல, குருணை" என்று ஒருநாள் அவள் சொன்னாளாம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் சொன்னபடி நடந்துகொண்டார். முகம் கழுவப் போவதுபோலக் கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு வந்ததாகக் கமலா சொன்னார். பிறகு எங்கள் அறை, பிறகு அமாவாசை, பிறகு சனிக்கிழமை வகுப்பறை. வருஷம் திரும்பிவிட்டது. அவள் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். ரேகாவும் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த வகுப்புக்கு மாறினார்.

ஒரு மத்தியானம் ரேகாவிடமிருந்து எனக்கு போன் வந்தது. நடு வகுப்பில், எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது, சுநந்தா எழுந்து மேசையருகே வந்தாளாம். "மிஸ், தண்ணி கொட்டிடுச்சு" என்றாளாம். எல்லோருக்கும் கேட்டதாம்.

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அலமாரில துணி இருக்குது, எடுத்துத் தொடைன்னு சொன்னேங்க. அப்புறம் கணக்குப் பாடத்த எடுத்தேன்." போனைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சும்மா இருந்தோம். அந்த வகுப்பில் அன்று யாரும் கை தட்டவில்லை. அந்தக் குழந்தைக்கு அந்தப் பள்ளி கொடுத்த மிகப் பெரிய பரிசு அதுதான்.

ஆண்டு விழாவில் பிரின்ஸிபால் இதைத் தன் பள்ளியின் சாதனை என்று பேசினார். மேடைப் படம் இன்னும் யார் யார் போனிலோ இருக்கிறது, நீக்கச் சொன்னால் நீங்குவதா அது? சுநந்தா இப்போது பெரிய வகுப்பு. இன்னமும் குறைவாகத்தான் பேசுகிறாள். பேச வேண்டிய இடத்தில் பேசுகிறாள். அவளைப் பற்றி அவ்வளவுதான்.

டாக்டர் படித்துச் சொன்ன ஆராய்ச்சிகள் எல்லாம் இப்போது திரையில் வந்துவிட்டன. நல்லது. ஆனால் அவை திரையிலேயே நின்றுவிட்டால் என்ன பயன்? பெயரைக் கேட்டு ஒரு குழந்தை சொல்லாவிட்டால் நமக்கு ஏன் அவமானமாக இருக்கிறது? அந்த அவமானத்தைத் தீர்த்துக்கொள்ளத்தானே கொழுக்கட்டை என்று சிரிக்கிறோம்? புதிய பிள்ளைகளே, உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, கோபம்தான். படித்தவர்கள் மறந்தால் வேறு யார் நினைவு வைத்திருப்பது?

அன்றைக்கு டீ நேரத்தில் நடந்ததில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். மாணவி உள்ளே போன பிறகு நான் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன், கொஞ்சம் தள்ளி. குழந்தையைப் பார்க்கவில்லை. வணக்கமும் சொல்லவில்லை. முட்டி வலித்தது, தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். வெகு நேரம் கழித்து, புடவைக்குள்ளிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"யம்மா, இந்த ஆயா ஏன் பேச மாட்டேங்குது?"

அந்த அம்மா பதறி என்னைப் பார்த்தார். நான் விரலைத் தூக்கினேன். குழந்தை என் எதிரில் பேசிவிட்டது என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியவே கூடாது. முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.